வாக்ரிபோலி

வாக்ரிபோலி தமிழகத்து நரிக்குறவரின் தாய்மொழி. இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பேசுவோர் தங்களை வாக்ரி என்கிறார்கள். பழைய ஆவணங்கள் இவர்களைக் குருவிக்காரர் என்று குறிக்கின்றன; தெலுங்கர் நக்கலவாண்ட்லு என்பர். பெயரில் ‘குறவர்’ ஒட்டியிருந்தாலும், தமிழகத்துக் குறவர் வேறு, இவர்கள் வேறு.

இம்மொழியை எந்தக் கிளையில் வைப்பது என்பதில் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் இவர்களை மராத்தி பேசுவோர் என எழுதினார். அது பொருந்தாது. மராத்தியில் ஆண்பால் பெயர்கள் பல ஆகாரத்தில் முடியும். குஜராத்தியிலும் ராஜஸ்தானியிலும் அத்தகைய பெயர்கள் ஓகாரத்தில் முடியும். குஜராத்தியோ, சேளியோ என ஓகாரத்தில் முடியும் வாக்ரிகளின் கிளைப்பெயர்களே எந்தப் பக்கத்து மொழி என்று காட்டிவிடுகின்றன. கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்காய்வு சென்னை மாகாணத்தைத் தொடவில்லை. அதனால் வாக்ரிபோலி அதில் விடுபட்டது பெரிய இழப்பு. எனினும் அதன் 9ஆம் தொகுதி, பீல் மொழிகளோடு சேர்த்து பார்தி, பாவ்ரி, சியால்கிரி ஆகியவற்றை விவரிக்கிறது. பார்தியரும் பாவ்ரியரும் வலைவைத்து வேட்டையாடிய குடிகள். வங்கத்து மேதினிப்பூர் வரை சென்ற சியால்கிரியும் குஜராத்திச் சாயல் கொண்டதே. வாக்ரிபோலிக்கு உரிய இடம் இந்தக் கூட்டத்தில்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இல் வெளியிட்ட ஜி. சீனிவாச வர்மாவின் இலக்கண நூல் இதை இந்தோ ஆரிய மொழியாக முறையாக விளக்கியது. வழியில் கலந்த தெலுங்கு, தமிழ்ச் சொற்கள் மேற்கிலிருந்து தெற்கே வந்த பயணத்துக்குச் சான்று. வேட்டைக்காரரின் குழூஉக்குறி என்று இதை ஒதுக்குவது அறியாமை. பால், எண், காலம் காட்டும் முழு இலக்கணம் இதற்கு உண்டு. தனி எழுத்து இல்லை. தமிழ் எழுத்தில் எழுதினால் ககர ஒலியும் (k) அதன் அதிர்வொலியும் (g) ஒரே வடிவாகிவிடுகின்றன.

பேசுவோரின் வாழ்க்கையை அறியக் கரசூர் பத்மபாரதியின் ‘நரிக்குறவர் இனவரைவியல்’ நல்ல நூல். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை குன்றி, பாசிமணியும் ஊசியும் விற்பதே பிழைப்பாயிற்று. சிவகங்கைப் பகுதியில் உள்ள பழமலை நகர் இவர்களது குடியிருப்புகளில் ஒன்று. வீட்டில் வாக்ரிபோலி, சந்தையிலும் பள்ளியிலும் தமிழ். நரிக்குறவர் நல வாரியம் 2008இல் அமைந்தது. 2023 சனவரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.