நாளை நடந்த கதைகள்

கடலூர்க் கரையில் வாழும் நமக்குப் புயல் புதிதன்று. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறியபோது, பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்ததைக் கண்டோம். அதே வங்கக் கடலில் எழுந்த புயலொன்றை ஒரு குப்பிக் கூந்தல் தைலம் அடக்கிவிட்டதாக 1896-இல் ஒருவர் கதை புனைந்தார். புனைந்தவர் விளையாட்டுப் பிள்ளை அல்லர். அறிவியல் மேதை ஜகதீஷ் சந்திர போஸ். கல்கத்தாவில் 'குந்தலின்' தைலம் விற்ற வணிகர் நடத்திய கதைப் போட்டியில் அது பரிசும் பெற்றது. தைலத்தின் பெயர் கதையில் இடம்பெற வேண்டும் என்பது போட்டியின் நிபந்தனை! எண்ணெய் அலையைத் தணிக்கும் என்ற அறிவியல் உண்மையின் மீது எழுப்பப்பட்ட கற்பனை அது. இந்திய அறிவியல் புனைகதையின் தொட்டில்களுள் ஒன்று விளம்பரக் கூடத்தில் ஆடியது என்பதில் நாம் வெட்கப்பட ஏதுமில்லை.

ஏறத்தாழ நூறாண்டு சென்றபின், 1993-இல், பல மொழி எழுத்தாளரின் அறிவியல் சிறுகதைகளைத் திரட்டி நேஷனல் புக் டிரஸ்ட் ஆங்கிலத்தில் ஒரு தொகுதி வெளியிட்டது. 'நாளை நடந்தது' என்று பொருள்படும் தலைப்பு. தொகுத்தவர் பால் போண்ட்கே என்ற அறிவியலார். இத்தொகுதியில் மராத்தியரின் கை ஓங்கியிருப்பது தற்செயலன்று. அங்கே மராத்தி விஞ்ஞானப் பரிஷத் கதைப் போட்டி நடத்தி எழுத்தாளரை வளர்த்தது. 1974-இல் அப்போட்டிக்கு நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற புனைபெயரில் ஒரு கதை வந்து பரிசு வென்றது. எழுதியவர் வானியற்பியலறிஞர் ஜெயந்த் நார்லிகர். தம் புகழ் நடுவர்களின் தராசைச் சாய்த்துவிடலாகாது என்று தம் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கிக்கொண்டார். பரிசு பெறுவதற்காகப் பெயரை முன்னிறுத்துவோரை நாம் அறிவோம். மறைத்தவரை அறிவது ஆறுதலன்றோ!

தமிழ் சார்பில் அத்தொகுதியில் நிற்பவர் சுஜாதா. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைத் தந்தையரின் நிழலில் இயற்பியல் பயின்றவர். ஆயினும் தமிழில் இவ்விதை அவருக்கு முன்பே விழுந்திருந்தது. அதுவும் நம் மண்ணின் மைந்தரால். 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன், மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழாக்கினார். தான் படைத்த உயிரைக் கண்டு தானே அஞ்சி ஓடிய மனிதனின் கதை அது. சிதம்பரத்தில் வாழ்ந்து 1985-இல் மறைந்த மௌனியோ கணிதம் பயின்றவர். அவர் கதைகள் விண்வெளியை நாடாமல் மனவெளியிலேயே உலவின. கடலூரில் பள்ளித் தலைமையாசிரியராக விளங்கிய இரா. நடராசன், 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' என்ற நூலுக்காக 2014-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றார்.

இத்தகைய தொகுதிகளில் எல்லாக் கதைகளும் கலையாவதில்லை. சில, பாடப்புத்தகத்துக்கு மீசை ஒட்டியது போலிருக்கும். ஆனால், 1993-ஆம் ஆண்டுத் தொகுதியில் நார்லிகரின் பனியூழிக் கதை நம்மை இன்றும் உறங்கவிடாது. பம்பாயில் பனி பொழிகிறது. அறிவியலாளர் ஒருவர் முன்பே எச்சரிக்கிறார், கேட்பார் இல்லை.

அக்கதை நூலேறிப் பதினோராண்டுகளுக்குப் பின், 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிறு காலை. சுமாத்திரா அருகே கடலடி நிலம் நடுங்கியது இந்திய நேரப்படி ஆறரை மணியளவில். பேரலை நம் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் தேவனாம்பட்டினத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்க்கும் கரையில் விளையாடிய சிறார்க்கும் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடல் பொங்கிவருவதை முன்னறிந்து கரைக்குச் சொல்லும் எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் தொடங்கியது 2007-இல்.