பிளாச்சிமடா: உரம் எனக் கூறி வயல்களுக்கு அளிக்கப்பட்ட ஆலைக் கழிவு

பாலக்காடு: கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையையொட்டி அமைந்துள்ள சிற்றூர் பிளாச்சிமடா. மழைமறைவுப் பகுதியான சித்தூர் வட்டத்தில், பெருமாட்டி ஊராட்சிக்கு உட்பட்ட இவ்வூரில் இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனம் 2000-ஆம் ஆண்டு குளிர்பான ஆலையைத் தொடங்கியது. நிலத்தடி நீருக்கான போராட்டமாகவே பிளாச்சிமடா பெரிதும் அறியப்படுகிறது. ஆனால் நாட்டின் கழிவு மேலாண்மை வரலாற்றிலும் அதற்குத் தனி இடம் உண்டு.

ஆலையின் கழிவுநீரைச் சுத்திகரித்த பின் எஞ்சும் கசடு, உரம் எனக் கூறி சுற்றுவட்டார விவசாயிகளுக்கு அளிக்கப்பட்டது. கழிவை அகற்றும் சுமை ஆலைக்குக் குறைந்தது. விவசாயிக்குச் செலவின்றி உரம் கிடைத்தது. அதில் என்ன கலந்துள்ளது என்பதை வாங்கியவர் அறிய வழி இல்லை.

இதற்கிடையே கிணற்று நீர் குடிக்கவும் சமைக்கவும் உதவாததாக மாறிவிட்டதாகப் பெண்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் தொடர் போராட்டம் தொடங்கியது. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமாக விளங்கினார். 2003 ஏப்ரலில் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க ஊராட்சி மறுத்தது.

கசடின் தன்மை வெளிப்பட்டது அதே ஆண்டு ஜூலையில்தான். பிபிசி வானொலி சேகரித்த மாதிரிகளை பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் ஆய்வு செய்தது. அவற்றில் காட்மியம், ஈயம் ஆகிய நச்சு உலோகங்கள் இருப்பது தெரியவந்தது. காட்மியம் சிறுநீரகத்தையும், ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியவை. இதையடுத்து, கசடை விவசாயிகளுக்கு வழங்குவதை நிறுத்தி ஆலை வளாகத்திலேயே பாதுகாப்பாகச் சேமிக்குமாறு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகஸ்டில் உத்தரவிட்டது. மாசு ஏற்படுத்தியதான குற்றச்சாட்டுகளை நிறுவனம் மறுத்தது.

ஓர் உள்ளூர்க் கழிவின் உட்பொருளை அறிய வெளிநாட்டு ஆய்வகம் வரை செல்ல நேர்ந்தது, அன்றைய கண்காணிப்பின் நிலையை உணர்த்துகிறது. அபாயகரமான கழிவுகளுக்கான விதிகள் 1989 முதலே நடைமுறையில் இருந்தன.

2004 மார்ச்சில் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு, மொத்த இழப்பை ரூ.216.26 கோடி என 2010-இல் மதிப்பிட்டது. அதில் சுமார் ரூ.84 கோடி விவசாய இழப்பு.

இழப்பீடு கோருவதற்கான சிறப்புத் தீர்ப்பாய மசோதாவை 2011 பிப்ரவரி 24 அன்று கேரள சட்டப்பேரவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை. ஆலையை மீண்டும் திறக்கும் எண்ணம் இல்லை என 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் நிறுவனம் தெரிவித்தது. போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மா, அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னதாக, 2007-லேயே காலமாகியிருந்தார்.