கடைசிப் படி

மின்சாரம் போன இரவில் மாடிப்படி இறங்குவது எனக்கு எப்போதும் ஒரு சோதனைதான். ஒருநாள் தரை வந்துவிட்டது என்று எண்ணிக் காலை வீசி வைத்தேன். இன்னும் இரண்டு படி பாக்கி இருந்தது. கணுக்காலில் தைலம் தடவிக்கொண்டு படுத்திருந்தபோதுதான், இதே போல் ஏமாந்த ஒரு யந்திரத்தின் கதையைப் படித்தேன்.

செவ்வாய்க் கிரகத்தின் தென் துருவப் பகுதியை ஆராய, அமெரிக்கர்கள் 1999 ஜனவரியில் 'மார்ஸ் போலார் லாண்டர்' என்ற கலத்தை அனுப்பினார்கள். டிசம்பர் 3-ஆம் தேதி அது அங்கே போய்ச் சேர்ந்தது. அப்புறம் பேச்சு மூச்சே இல்லை. இறங்கும்போது செய்தி அனுப்ப ஏற்பாடு செய்யாததால், நடந்ததற்குச் சாட்சியும் கிடையாது.

விசாரித்தவர்கள் 2000-இல் ஊகித்துச் சொன்ன காரணம் இது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மடங்கியிருந்த கால்கள் விரிந்தன. அந்த அதிர்ச்சியையே, தரை தட்டியதாகக் கருவி எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் அதை நினைவில் வைத்திருந்து, 40 மீட்டர் உயரத்தில் என்ஜின்களை அணைத்துவிட்டது. அந்தப் பொய்ச் செய்தியை அழித்துவிடு என்ற கட்டளை மட்டும் எழுத விட்டுப்போயிற்று.

இந்தக் கலத்துக்கு ஒரு தம்பி இருந்தது. 2001-இல் புறப்பட வேண்டியது. அண்ணனின் கதியைக் கண்டு அதன் பிரயாணத்தை ரத்துச் செய்து, பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டார்கள். அரிஸோனா பல்கலைக்கழகத்துப் பீட்டர் ஸ்மித் அதை வைத்தே ஒரு திட்டம் போட்டார். 2003-இல் அனுமதி கிடைத்தது. சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரைச் சூட்டினார்கள்: ஃபீனிக்ஸ்.

புதிதாக ஒன்றைக் கட்டுவதுகூட எளிது. கட்டி முடித்ததில் குற்றம் தேடுவதுதான் கஷ்டம். சோதிக்கச் சோதிக்க, ஒளிந்திருந்த பிழைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இறங்கும்போதே செய்தி அனுப்பவும் இம்முறை வழி செய்தார்கள்.

2008 மே 25 அன்று, வட துருவத்தை ஒட்டிய சமவெளியில் ஃபீனிக்ஸ் நலமாக இறங்கியது. 2.35 மீட்டர் நீளக் கையால் அது தோண்டிய பள்ளத்தில் சில வெள்ளைக் கட்டிகள் தென்பட்டன. நாலே நாளில் அவற்றைக் காணோம்! உப்பாக இருந்தால் அப்படி மறையுமா? அது பனிக்கட்டி. ஜூலையில் மண்ணைச் சூடாக்கியபோது நீராவியே வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கென்று போன யந்திரம் ஐந்து மாதத்துக்கு மேல் உழைத்தது. துருவத்தில் குளிர்காலம் நெருங்கி வெயில் குறையவே, நவம்பர் 2-ஆம் தேதியோடு அதன் குரலும் அடங்கியது.

எல்லோரும் தம்பியைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ அண்ணன் நினைவுதான் வருகிறது. அது விழாதிருந்தால், தம்பியை இவ்வளவு சந்தேகத்தோடு யார் சோதித்திருப்பார்கள்?

நானும் இப்போது படிகளை எண்ணிக்கொண்டுதான் இறங்குகிறேன்.