குரத்தி

கரிசல் பூமிக்கு வரலாறு தேடி வருகிறவர்கள் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போவார்கள். கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றுக்கும் போவார்கள். அதே கரிசலில், கோவில்பட்டியை அடுத்த கழுகுமலைப் பாறையில், அதற்கும் ஆயிரம் ஆண்டு முந்திய ஒரு சொல்லை வெட்டி வைத்திருக்கிறார்கள்: குரத்தி.

இடையின ரகரம் என்பதைக் கவனிக்க வேண்டும். முருகன் கழுகாசலமூர்த்தியாகக் குடிகொண்ட ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டால் வள்ளிக் குறத்தியின் நினைவுதான் வரும். அவள் வேறு, இவர் வேறு. இவர் சமணத் துறவி, பாடம் சொன்ன ஆசிரியை. வடமொழிக் குருவோடு உறவுடைய 'குரவர்' பெற்றோரையும் ஆசானையும் குறித்த சொல். ஒருவனுக்கு ஒருத்தி போல, குரவனுக்குக் குரத்தி.

கல்வெட்டுகளில் இந்தக் குன்றுக்கு அரைமலை என்று பெயர். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில், பாண்டியர் ஆட்சியில், இங்கே தீர்த்தங்கரர் திருமேனிகளை வரிசை வரிசையாகச் செதுக்கினார்கள். பலவற்றின் கீழே செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில் உண்டு. அவர்களில் குரத்திகளும் இருக்கிறார்கள்; ஒருவர் திருச்சாரணத்துக் குரத்தி. திருச்சாரணம் என்பது கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அந்த மலையில் குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர் அம்மனுக்குப் பொன்னணி கொடுத்த செய்தியும் கல்லில் இருக்கிறது. அந்த அம்மனை இன்று பகவதியாக வணங்குகிறார்கள்.

வடக்கேயும் இவர்கள் இருந்தார்கள். வேடலில் கனகவீரக் குரத்தியாரிடம் 500 மாணாக்கியர் படித்ததாகச் சோழன் முதலாம் ஆதித்தன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. விளாப்பாக்கத்தில், 945ஆம் ஆண்டில், பட்டினிக் குரத்தியடிகள் கிணறு வெட்டினார். பெண் பிறவியில் வீடுபேறு கிடையாது என்பது சமணத்தின் திகம்பரப் பிரிவின் கொள்கை. அந்த மரபுக்குள்ளேயே தமிழ்ப் பெண்கள் இத்தனை பேருக்கு ஆசான்களாக இருந்தது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. 'மாணாக்கி' என்ற சொல்லும் இவர்களோடு கல்வெட்டில் வருகிறது.

சம்பந்தர் மதுரையில் சமணரை வென்றது ஏழாம் நூற்றாண்டு. அன்றோடு சமணம் முடிந்தது என்பது பரவலான நம்பிக்கை. கழுகுமலைச் சிற்பங்கள் அதற்குப் பிந்தியவை என்பதால் இந்த நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. சமணம் தேய்ந்தது மெதுவாக, பல தலைமுறைகளில். அரசரின் கொடையும் வணிகரின் கொடையும் சிவன் கோயில்களுக்கும் பெருமாள் கோயில்களுக்கும் திரும்பின. சமணப் பள்ளிகளுக்கு நெல், எண்ணெய் வரத்து குறைந்தது. பள்ளி மூடினால் குரத்திக்குத் தங்க இடமில்லை. படிக்க வருகிறவளும் இல்லை.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சமண முனிவர் தங்கிய இடத்துக்கு வழங்கிய 'பள்ளி' அழியவில்லை. பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளிக்கூடம் ஆயிற்று. காயல்பட்டினத்தில் தொழுகை நடக்கும் இடம் பள்ளிவாசல் ஆயிற்று. சமயங்கள் மாறினாலும் கட்டடத்தின் பெயரைத் தமிழ் பத்திரமாகக் கைமாற்றிக் கொடுத்தது. அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து பாடம் சொன்ன பெண்ணின் பெயரை மட்டும் கல்லிலேயே விட்டுவிட்டது.