1961 ஜனவரியும் மிஷன் வாத்தியார் வீடுகளும்

அக்காலத்தில் இலங்கையின் பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்கும். ஆகவே யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிறிஸ்தவ ஆசிரியர் வீடுகளில் நத்தாரும் புதுத் தவணைக்கான ஆயத்தமும் ஒன்றோடொன்று கலந்தே நடக்கும். ஒருபுறம் பலகாரச் சூடு. மறுபுறம் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறை போடும் வேலை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து, புதுவருட விருந்தும் ஓய்ந்தபின், தகப்பனும் தாயும் பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்துவிடுவார்கள். பல வீடுகளில் இருவருமே ஆசிரியர்கள்.

1960 டிசம்பரில் மாத்திரம் அந்த ஒழுங்கு குலைந்தது. அடுத்த மாதம் யாருக்குக் கீழே, யாருடைய சம்பளத்துக்கு, எந்த ஊரில் படிப்பிக்கப் போகிறோம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

காரணம், சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் கொண்டுவந்த 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். கல்வி அமைச்சர் பதியுதீன் மஃமூத். டிசம்பர் 1 முதல் அரச உதவி பெற்ற பாடசாலைகளின் முகாமை, மிஷன்களிடமிருந்தும் சைவ சபைகளிடமிருந்தும் கல்விப் பணிப்பாளரின் கைக்கு மாறியது. பெரிய கல்லூரிகளுக்கு ஒரு வழி விடப்பட்டிருந்தது. விரும்பினால் தனியே நிற்கலாம். ஆனால் அரசாங்கம் ஒரு சதமும் தராது. பிள்ளைகளிடம் கட்டணமும் அறவிட முடியாது. கிராமத்துச் சிறு பாடசாலைகளுக்கு அந்த வழியும் இல்லை. அடுத்த ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் பாடசாலைகளின் காணியையும் கட்டடங்களையும் முடிக்கு உரித்தாக்கியது.

தென்னிலங்கையில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கியிருந்து எதிர்ப்புக் காட்டினர். இங்கே பேச்செல்லாம் வீட்டு விறாந்தைகளில்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அந்த நத்தாரைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கூறியிருக்கிறார். அவருடைய தகப்பனார் ஒரு கிராமத்து மிஷன் பாடசாலையின் தலைமை ஆசிரியர்; குடியிருந்தது மிஷன் வளவு வீட்டில். மார்கழியில் கிணற்றடியில் கத்தரிக் கன்று நடுவது தாயாரின் வழக்கம். அம்முறை நடவில்லையாம். பறிப்பதற்கு இங்கே இருப்போமோ என்று தெரியாதபோது ஏன் வீணாக நடுவான் என்றாராம்.

இந்த அச்சத்தின் வேர் நீண்டது. அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை 1824இலும் தோன்றின. தொடக்கத்தில் கிராமப் பாடசாலைகளில் படிப்பித்தவர்களில் பலர் சைவர்களே. மிஷன்கள் தாமே ஆசிரியர்களை உருவாக்கிய பின்னர்தான், வார நாளில் சட்டம்பியாராகவும் ஞாயிறன்று ஓய்வுநாள் பாடசாலை நடத்துபவராகவும் ஒரே மனிதர் இயங்கும் வழக்கம் ஊன்றியது. கடிதம் வாசிப்பிக்கவும் மனு எழுதுவிக்கவும் ஊரார் அவர் வீட்டுக்குத்தான் போனார்கள். உத்தியோகம், குடியிருப்பு, கோயில், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரே வேலிக்குள் அடங்கிவிட்டன. வேலி அசைந்தபோது எல்லாமே சேர்ந்து அசைந்தன.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம். நியமனமும் இடமாற்றமும் முகாமையாளர் கையில். ஞானஸ்நானம் பெற்றால்தான் நியமனம் என்ற சைவர்களின் முறைப்பாடு பழையது, பொய்யானதுமன்று. 1930ஐ அண்டிய ஆண்டுகளில் சம ஆசனம் கேட்ட ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு எதிராகப் பாடசாலைகளே எரிக்கப்பட்ட மண் இது. தனியார் முகாமை அந்த அநீதியைத் தானாகவே தீர்த்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சுவீகரிப்பு ஏதோ ஒரு வடிவில் வரவேண்டியதே என்பது என் எண்ணம். வந்த விதமும் வேகமும் வேறு விடயம். ஆசிரியர்களோ முகாமையாளர்களைவிடப் பல இடங்களில் தாராள மனமுள்ளவர்களாக இருந்தார்கள். கிறிஸ்தவரான ஹன்டி பேரின்பநாயகம் 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார் என்பதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஜனவரி வந்தது. யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி, பரி. யோவான், சுண்டுக்குளி, பரி. பத்திரிசியார் ஆகியவை தனியே நின்றன. அங்கே படிப்பித்தவர்களுக்கு இனிப் பழைய மாணவரும் திருச்சபையும் சேர்த்துக் கொடுப்பதே சம்பளம். மெதடிஸ்த மிஷனின் மத்திய கல்லூரி, வேம்படி, ஹாட்லி மூன்றும் அரசாங்கத்திடம் போயின. அங்கே சம்பளம் உறுதி, ஊர் உறுதியில்லை. தீவின் எந்த மூலைக்கும் மாற்றம் வரலாம். அதுவும் சிங்களம் மட்டும் நிர்வாக மொழியாக நடைமுறைக்கு வந்த அதே ஜனவரியில். பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலச் சட்டம் வந்துவிட்டது.

சில கிராமங்களில் "அ.மி.த.க. பாடசாலை" என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அமெரிக்க மிஷன் தமிழ்க் கலவன் பாடசாலை என்பதன் சுருக்கம். முகாமை போனாலும் எழுத்துகள் நின்றுவிட்டன.

கத்தரிக் கன்று நடாத அந்தக் குடும்பம் மேலும் நான்கு ஆண்டுகள் அதே வீட்டில்தான் இருந்தது. அடுத்த மார்கழியிலேயே தாயார் மறுபடி கன்று நட்டாராம். பிறகு தகப்பனாருக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது.