தேய்மானக் கணக்கு

என் கணினிப் பெட்டியின் விசிறி, வாங்கிப் பதினெட்டு மாதம் நிறைவதற்குள் முதலில் முனகவும், பின்னர் அரைக்கவும், முடிவில் பம்பாயில் என் வீட்டருகே உள்ள மான்குர்த் நிலையத்து விடியற்கால வண்டியின் ஓசையையே அமுக்கிவிடும்படி கதறவும் தொடங்கியதென்பதும், மூன்று வருஷ உத்தரவாதம் அளித்திருந்த கம்பெனி ஐந்து வாரப் பரிசீலனைக்குப் பிறகு, இது பழுதன்று, உபயோகத்தினால் ஏற்பட்ட தேய்மானம், தேய்மானத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று எழுதி அதைத் திருப்பி அனுப்பிவிட்டதென்பதும் சரித்திரத்தில் இடம்பெறத் தக்க விஷயங்கள் அல்ல. அனுப்பிய கூரியர் செலவு விசிறி விலையில் பாதி என்பதையும் நான் பெரிதுபடுத்தப் போவதில்லை. ஆனால் அந்தத் ‘தேய்மானம்’ என்ற சொல் என்னை விடவில்லை. சுழல்வதற்கென்றே பிறந்த பொருள் சுழன்றதனால் தேய்ந்ததென்றால், அந்தத் தேய்வை யார் கணக்கில் எழுதுவது?

நம்மவர் இக்கேள்வியை அறியாதவர்கள் அல்லர். நகை செய்யும் ஆசாரி, உருக்கும்போதும் அராவும்போதும் பொன்னில் குறைவது எவ்வளவு என்பதைச் சேதாரம் என்ற பெயரால் முன்னதாகவே கூறி, பேரம் பேசி, இரு தரப்பாரும் ஒப்பிய பிறகே உலையை ஊதினார். பாத்திரக் கடைக்காரர், நசுங்கிய பித்தளைக் குடத்தை எடைக்கு எடுத்துக்கொண்டு, கழிவு போகப் புதுக் குடத்தின் விலையில் அதைக் கழித்தார். மண்பானையை மட்டும் தட்டிப் பார்த்து வாங்கினோம். குயவர் வீட்டு வாசலைத் தாண்டிய பின் விரிசல் நம்முடையது. இவற்றில் எது தர்மம், எது தந்திரம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சேதாரத்தில் நடக்கும் ஏமாற்று எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். எனினும் தேய்வு என்பது கொடுக்கல் வாங்கலின்போதே பேசி முடிக்கப்பட்டதேயன்றி, பெட்டிக்குள் மடித்து வைத்த சீட்டின் பின்புறத்தில் எறும்பெழுத்தில் ஒளிந்திருக்கவில்லை.

சட்டம் எழுதியவர்களும் இதில் நமக்கு அதிக ஆறுதல் வைத்துவிட்டுப் போகவில்லை. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், ஒப்பந்தத்தின் உயிரான வாக்கை நிபந்தனை என்றும், அதற்குப் பக்கத் துணையாக நிற்கும் வாக்கை உத்தரவாதம் என்றும் பிரித்து, முன்னது பிழைத்தால் சரக்கையே மறுக்கலாம், பின்னது பிழைத்தாலோ நஷ்டஈடு மட்டும் கேட்கலாம் என்று வகுத்துவிட்டது. ஆகவே கடைக்காரர் கம்பீரமாக நீட்டும் அந்தச் சீட்டு, சட்டத்தின் சபையில் பிறவியிலேயே இரண்டாம் வரிசைக்காரன். வாங்குவோரின் குறைகளைக் கேட்பதற்கென்று 1966-ல் இதே பம்பாயில் ஒன்பது பெண்மணிகள் கூடி ஒரு சங்கம் கண்டார்கள். அதற்கும் இருபது வருஷம் கழித்தே, 1986-ல், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

இனி யந்திரத்துக்கு வருவோம். இந்நகரத்தின் முதற் கணினி, கொலாபாவில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் தாமே கட்டியது. சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாகி 1960-ல் வேலைக்கு வந்து, 1962-ல் நேருவின் வாயால் டிஃப்ராக் என்று பெயர் பெற்றது. அதில் இருந்த வால்வுகள் ஏறத்தாழ 2,700. வால்வு என்பது எரிகிற மின்விளக்கின் உடன்பிறப்பாதலால், கணக்கிடுவதோடு சூட்டை வெளியேற்றுவதும் அந்த யந்திரத்துக்குச் சமமான கவலையாயிற்று. தேய்ந்தாலும் எரிந்தாலும் கட்டியவர்களே பக்கத்தில் நின்றார்கள். யாருக்கும் மனுப் போட வேண்டியிருக்கவில்லை.

பிறகு வந்தது வாடகைக் காலம். ஐ.பி.எம். கம்பெனி, மேல்நாட்டில் உழைத்து ஓய்ந்த தன் 1401 ரக யந்திரங்களைப் புதுக்கி இந்நாட்டு ஸ்தாபனங்களுக்கு வாடகைக்கு விட்டு, பழையதைக் கொடுத்துப் புதிய லாபம் காண்கிறதென்ற பழியை ஏற்றது. பழி நியாயமானதே, ஆனால் எனக்கு இங்கே வேண்டியது வேறொன்று. பொருள் கம்பெனியுடையதாகவே இருந்தமையால் அதன் தேய்வும் கம்பெனியுடையதாகவே இருந்தது. ஓடாத யந்திரத்துக்கு வாடகை கேட்பது எளிதன்றாதலால், அவர்களுடைய ஆளே எண்ணெயும் திருப்புளியுமாக வந்து நின்றான். அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நெருக்கடியால் 1978-ல் ஐ.பி.எம். வெளியேறியபோது, அது விட்டுச் சென்ற யந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பைச் சி.எம்.சி., அதாவது கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், என்ற அரசாங்க நிறுவனம் ஏற்றது. பராமரிப்பு என்பதையே தன் பெயரில் தாங்கிக்கொண்டு ஒரு நிறுவனம் இந்நாட்டில் இருந்ததென்று இன்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

1981-ல் ஐ.பி.எம். மேல்நாட்டில் தன் தனியாள் கணினியை விற்பனைக்கு விட்டபோது, அதன் மின்வழங்கிப் பெட்டிக்குள் ஒரு சிறு விசிறி சுழன்றது. அதனோடு தேய்வும் வாங்கியவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1984-ஆம் வருஷக் கணினிக் கொள்கை இறக்குமதியின் கதவைச் சற்றுத் திறக்க, காலப்போக்கில் கிராண்ட் ரோடு நிலையத்தருகே லாமிங்டன் ரோடு முழுவதும் பாகம் பாகமாகக் கணினி விற்கும் சந்தையாயிற்று. மலிவான விசிறியின் அச்சு, எண்ணெய் ஊறிய நுண்துளை வெண்கலக் குழல் ஒன்றில் அமர்ந்து சுழல்வது. சூடு அந்த எண்ணெயை உலர்த்தும். தூசு எஞ்சியதைப் பசையாக்கும். குழல் நீள்வட்டமாகத் தேய, அச்சு ஆடி முனகத் தொடங்கும். குழலுக்குப் பதில் குண்டுத்தாங்கி பொருத்திய விசிறி அதிக காலம் உழைக்கும், விலையும் அதிகம். எதை வைத்தோம் என்பது கம்பெனிக்குத் தெரியும். என்று தேயும் என்பதும் ஏறக்குறையத் தெரியும்.

தேய்ந்தவை யாவும் கடைசியில் எங்கே போகின்றன என்பதை மான்குர்த்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1896-ல் பம்பாயில் கொள்ளைநோய் புகுந்தபின், நகரத்து அசுத்தத்தை ரயிலில் ஏற்றிச் செம்பூர்ப் பக்கத்துச் சதுப்பில் கொட்டத் துணிந்தார்கள். அப்படி எழுந்த தேவ்னார்க் குப்பைமேடு இன்று 132 ஹெக்டேர் பரப்பில் குன்றுகளாக நிற்கிறது. 1992-ல் கழிமுகத்தின் மேல் பாலம் கண்டு வாஷிக்கு ரயில் ஓடும்வரை, துறைமுக வழியின் கடைசி நிலையம் மான்குர்த்தான். நகரம் இங்கே முடிந்தது, நகரம் வேண்டாமென்றது இங்கே தொடங்கியது. அணுசக்தி நிலையத்தை ஒட்டி ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. தங்கவயலில் பிறந்து இங்கே தச்சு வேலை செய்த தமிழர் ஜோக்கின் அற்புதம், அங்கே குப்பை அள்ள வராத நகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிராமல், பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைக் கட்டி எடுத்துச் சென்று நகராட்சி அலுவலகத்து வாசலிலேயே கொட்டச் செய்தார். பொறுப்பை உரியவரிடம் திருப்பித் தருவதற்கு இதைவிடத் தெளிவான விண்ணப்பத்தை நான் அறியேன். 1976 மே மாதம், அவசரநிலையின்போது, அக்காலனியை இடித்து ஏறத்தாழ 70,000 பேரைச் சீத்தா கேம்ப்புக்கு ஏற்றிவிட்டார்கள். மனிதர்களையும் கழிவுகளையும் ஒரே திசையில் அனுப்பும் வழக்கம் இந்நகரத்துக்கு உண்டு.

டிராம்பே போகும் வழியில் மண்டாலாவின் பங்கார்க் கிடங்குகள் இருக்கின்றன. ஊரில் காயலான் கடை என்போமே, காயல்பட்டணத்து வியாபாரிகளால் வந்த பெயர் என்பார்களே, அதன் பம்பாய்ப் பெயர் இந்தப் பங்கார். இங்கே விசிறிக்கு மாதிரி எண்ணும் இல்லை, வாங்கிய தேதியும் இல்லை. செம்புக் கம்பி ஒரு விலை, பிளாஸ்டிக் ஒரு விலை, தராசு ஒன்று. 2021 பிப்ரவரியில் இக்கிடங்குகளில் பெருந்தீ பற்றி வானம் கறுத்தது. மின்னணுக் கழிவைத் திரும்பப் பெறும் கடமை உற்பத்தியாளருடையதென்று 2012 மே முதல் விதி அமலில் இருந்தும், தேய்ந்தவை வந்து சேரும் வழி மாறவில்லை.

நானும் என் விசிறியைத் தராசில் போடவே கொண்டு சென்றேன். கிடங்கை ஒட்டிய ரிப்பேர்க் கடையில் இருந்த திருநெல்வேலித் தம்பி, விரலால் இதழைச் சுண்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இதைப் போய் எடைக்குப் போடுதீயளே, உசிரு இருக்குல்லா?” என்றான். நடுவிலிருந்த ஒட்டுத்தாளை நகத்தால் உரித்தான். ஊசிமுனையால் பிளவுபட்ட சிறு வளையத்தைக் கழற்றி, இதழை உருவி, அச்சில் கட்டியிருந்த கரும்பசையைத் துணியால் துடைத்து, தையல் யந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் பூட்டினான். முப்பது ரூபாய். “எத்தனை நாளைக்கு வரும், தம்பி?” என்று கேட்டேன். “மழைக்காலம் வரைக்கும் வரும். சத்தம் போட்டா கொண்டாங்க, எண்ணெய்க்குக் காசு வேண்டாம்,” என்றான். சீட்டு எதுவும் தரவில்லை.

விசிறி இப்பொழுது ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனியின் ஒட்டுத்தாளை அவன் கோணலாக ஒட்டிவிட்டான். எண்ணெய்க் கறையில் வரிசை எண்ணின் பாதி அழிந்துவிட்டது.