கை போன கேப்டனும் தைத்த படகும்

கடலே இல்லாத நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு படகு பற்றி ஒரு நீளமான இழை எழுதப் போறேன். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையா படிங்க.

மருத்துவக் கல்லூரி நாட்களில் மரத்தில் கப்பல் மாதிரி செய்யும் பைத்தியம் எனக்கு உண்டு. விடுதி அறையில் பாதி இடத்தைப் பலகைச் சீவலும் பசை டப்பாவும் பிடித்திருக்கும். பிறகு மேற்படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தைகள். எல்லாத்தையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏத்தினேன். இருபது வருஷம் கழித்து போன மாசம் இறக்கிப் பார்த்தா, பாதி கட்டியிருந்த கப்பலைக் கரையான் முடித்து வைத்திருந்தது.

சரி, மறுபடி தொடங்கலாம்னு முடிவு பண்ணினேன். ஆனா இந்த முறை ஆங்கிலேயர் போர்க்கப்பல் வேண்டாம், நம்ம கடற்கரைப் படகு ஒண்ணு செய்யணும்னு ஆசை. அதுக்கு அளவு வேணுமே? நம்ம படகுகளைக் கட்டியவர்கள் காகிதத்தில் வரைந்து கட்டவில்லை. கண்ணும் கையும்தான் வரைபடம். அப்படித் தேடும்போதுதான் பிரான்சுவா எட்மோன் பாரி என்கிற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி கிடைத்தார்.

பாரி பிறந்தது 1806-ல். மூன்று முறை உலகைச் சுற்றிய மனுஷன். 1829-ல் கிளம்பிய 'ஃபேவரிட்' கப்பலில் சோழமண்டலக் கரைக்கும் வந்தார். கூட வந்தவர்கள் துறைமுகத்தில் என்ன செய்தார்களோ, இவர் கரையில் கிடந்த படகுகளை அளந்துகொண்டிருந்தார். நீளம், அகலம், ஆழம், பலகை எங்கே சேருது, கயிறு எப்படிப் போகுது என்று எல்லாவற்றையும் குறித்தார். நம்ம கட்டுமரம், தோணி, சலங்கு மூணுமே அவர் தாளில் ஏறின.

சலங்கு என்றால் இன்று பலருக்குத் தெரியாது. 18-ம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இந்தச் சொல் வரும். சென்னைப் பக்கம் மசூலா என்பார்கள். அப்போது சென்னையிலும் புதுச்சேரியிலும் கப்பல் அணையும் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அலை மடங்கி மடங்கி உடையும். கப்பலோடு வந்த ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் கவிழும், இல்லைன்னா மணலில் மோதி உடையும். ஆளோ, சரக்கோ, கவர்னரோ, யாராக இருந்தாலும் சலங்கில் ஏறித்தான் கரை சேரணும்.

அதன் ரகசியம் ரொம்ப எளிது. அதில் ஆணி கிடையாது. உள்ளே விலா எலும்பு மாதிரி வரும் சட்டங்களும் கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். இணைப்பின் மேல் வைக்கோலோ நாரோ வைத்து, அதையும் சேர்த்து இழுத்துத் தைப்பது. அலை அடித்தால் படகு முழுக்க நெளிந்து கொடுக்கும், மணலில் தட்டினாலும் உடையாது. தண்ணீர் கசியத்தான் செய்யும், இறைத்துக்கொண்டே போவார்கள். கட்டுமரமும் அப்படித்தான், பெயரிலேயே கட்டு இருக்கு.

தையல் போடுவதே தொழிலான எனக்கு இதைப் படித்ததும் தூக்கம் போச்சு.

இப்போ பாரியின் கதைக்கு வருவோம். 1837-ல் 'ஆர்தெமிஸ்' கப்பலில் மறுபடி உலகப் பயணம். அதில் புதுச்சேரிப் பக்கம் ஒரு வார்ப்பாலையைப் பார்க்கப் போன இடத்தில் இடது கை பற்சக்கரத்தில் மாட்டியது. கை போச்சு. வயது முப்பதுகளின் தொடக்கம்.

ஒரு டாக்டரா இதில் கொஞ்சம் நிற்கணும். ஈதர் மயக்க மருந்தை பாஸ்டனில் பொதுவில் செய்து காட்டியதே 1846-ல். லிஸ்டர் கிருமிநீக்க முறையை வெளியிட்டது 1867-ல். அதாவது அந்தக் காலத்தில் கை நசுங்கினால் மயக்கம் கிடையாது, சுத்தம் என்கிற எண்ணமே கிடையாது. எவ்வளவு வேகமா வெட்டி முடிக்கிறார் என்பதுதான் அறுவை மருத்துவரின் திறமை. அதில் பிழைத்தாலும் அடுத்த சில வாரங்களில் சீழ் பிடித்துப் போனவர்கள் ஏராளம். பாரி பிழைத்தார். ஊர் திரும்பி, மிச்சமிருந்த ஒரு கையோடு 1840-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் படகுகளைப் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட படத்தாள்களோடு ஒரு பெரிய நூலைக் கொண்டுவந்தார்.

அதன் பிறகு அவருக்கும் ஒரு நீண்ட இடைவெளி. நீராவிக் கப்பல், சுழல்விசிறி, கிரிமியப் போர், பதவி உயர்வு, அட்மிரல் பட்டம். மரப்படகுகளைக் காலாவதியாக்கிய நீராவிக்குத்தான் முப்பது வருஷம் உழைத்தார். இதில் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு.

1871-ல் பணி ஓய்வு. 65 வயது. அப்போது லூவ்ர் அரண்மனையில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் ஆனார். போனதும் பழைய தாள்களை வெளியே எடுத்தார். இளவயதில் அளந்த படகுகளை அருங்காட்சியகப் பட்டறையில் ஒவ்வொன்றாக மரத்தில் மாதிரிகளாகச் செய்ய வைத்தார். 1893-ல் இறக்கும் வரை இதே வேலை. இன்றைக்கும் பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் பெருமைகளில் அந்தச் சேகரமும் ஒன்று.

நாற்பது வருஷம் முன்னாடி பார்த்த படகை ஞாபகத்தில் இருந்து செய்ய முடியாது. அளந்து எழுதி வைத்திருந்ததால்தான் அவரால் திரும்ப வர முடிந்தது. நம்ம கரையிலோ 1870-களில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியதும் மசூலாவின் பிழைப்பு தேய ஆரம்பித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கே பார்த்தாலும் ஃபைபர் படகு.

சரி, என் மேசைக்கு வர்றேன். உண்மைப் படகு சுமார் முப்பது அடி என்றால், இருபத்து நாலில் ஒரு பங்கு அளவில் என் மாதிரி ஒண்ணேகால் அடி. பலகையைச் சீவுவதில் மாட்டிக்கொண்டேன். இருபது வருஷத்தில் கை மறந்துபோச்சு. மூணு பலகை வளைக்கும்போதே பிளந்தது. கண்ணாடி இல்லாமல் கோடும் தெரியல.

அப்போதான் குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு மேஸ்திரி தையல் பார்க்க வந்தார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டின ஆசாரி. மரத்தில் பாடி கட்டிய காலத்து ஆள். வலது கையில் ரெண்டு விரல் இல்லை, எப்பவோ ரம்பம் எடுத்துக்கொண்டது. பேச்சுவாக்கில் பாரியின் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரே, உள்ள சட்டமே காணமே?"

"கிடையாது மேஸ்திரி. ஆணியும் இல்லை. எல்லாம் கயிறு."

"அதானே பார்த்தேன். ஆடறதுக்கு ஆணி நிக்காதுங்க. மேடு பள்ளத்துல சேசிஸ் முறுக்கறப்போ பாடியும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கோணும். விறைப்பா கட்டினா விரிசல்தான்."

சலங்கை ஒருநாளும் பார்க்காத மனுஷன், நான் ஒரு மாசம் படித்துப் புரிந்துகொண்டதை ஒரே நிமிஷத்தில் சொல்லிட்டார். இளைப்பு எப்படிப் பிடிக்கணும், பலகையை எவ்வளவு நேரம் நனைக்கணும், எந்தப் பக்கம் வளைக்கணும் எல்லாம் அவர்தான் மூணு மாலை வந்து சொல்லிக் கொடுத்தார். விரல் இல்லாத இடத்தை உள்ளங்கையால் சமாளிக்கிறார். நான் தைத்தேன். ஊசி பிடிக்கும் கருவி, பட்டு நூல், தொடர் தையல். இழுவிசை ஒரே சீரா இருக்கணும். அதிகமானால் பலகை ஓரம் கிழியும், குறைந்தால் வாய் திறக்கும். வயிற்றைத் தைக்கும்போது ஜூனியர்களைத் திட்டுகிற அதே விஷயம்.

அடிப்பாகமும் ஒரு பக்கமும் முடிஞ்சிருக்கு.

கடைசி நாள் டீ குடிக்கும்போது கேட்டேன், "மேஸ்திரி, நீங்க கட்டின மர பாடிக்கு வரைபடம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

சிரித்தார். "வரைபடமா? அடிக்கோல்ல கோடு போட்டு வெச்சிருந்தோம். அந்தக் கோலே அடுப்புக்குப் போயிருச்சுங்க."

பழைய மர பாடி வண்டி ஒண்ணு, ஓடாம, ஊருக்கு வெளியே ஒரு பட்டறை ஓரத்தில் நிக்குதாம். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே போறோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதணும். டேப், நோட்டு, ரெண்டு பென்சில் எடுத்து வெச்சாச்சு.